தம்பி சண்டை ரோபோ செய்யணும்னு கேக்கான்... பணம் கொடுக்கலாமா?



போன கேள்வி-பதில் வீடியோவில் ஒரு கேள்விக்கு ரெண்டே நிமிஷத்தில் பதில் சொல்லிட்டு நகர்ந்துட்டேன். அதுக்கு இன்னும் கொஞ்சம் இடம் வேணும், அதான் இந்தப் பதிவு. கேட்டவர் கங்கைகொண்டான் சிப்காட்டில் வேலை பார்க்கிறார். கைக்கு வரும் சம்பளம் 32,000 ரூபாய். தம்பி மெக்கானிக்கல் இரண்டாம் வருஷம். ஐஐடியில் நடக்கும் ரோபோவார்ஸ் போட்டிக்கு ஒரு சண்டை ரோபோ செய்யணும்னு நிக்கான். வீடே சேர்ந்து இறங்கிருச்சு. அப்பா பேட்டையில் லேத் ஓட்டினவர், பாடி நான் கடைஞ்சு தரேன்னு சொல்லிட்டார். அம்மா சீட்டுப் பணத்தில் 10,000 தர்றாங்க. "மொத்தம் 50,000 ஆகும்ங்கான் அண்ணா. மீதி 40,000-ஐ நான் கிரெடிட் கார்டில் தேய்ச்சிரலாமா? ஜெயிச்சா பரிசுல அடைச்சிரலாம்ல?"

கார்டில் தேய்க்காதீங்க. அது முதல் பதில். ஆனா "ரோபோ எல்லாம் வெட்டிச் செலவு, அந்தக் காசை எஸ்ஐபியில் போடு" என்று நான் சொல்லப் போறதில்லை. 40,000 ரூபாயை 12 சதவீதத்தில் 10 வருஷம் விட்டா 1,24,000 ஆகும் என்ற கணக்கு எனக்கும் தெரியும். அந்தக் கணக்கை வெச்சுப் பார்த்தா தம்பியைக் காலேஜுக்கே அனுப்பக் கூடாது.

முதலில் இது என்ன விளையாட்டுன்னு தெரியாதவங்களுக்காகச் சுருக்கமா. கண்ணாடிக் கூண்டு மாதிரி ஒரு அரங்கு. உள்ளே ரெண்டு ரோபோ. ரெண்டையும் வெளியே நின்னு ரிமோட்டில் ஓட்டணும். பொதுவா 3 நிமிஷம். எதிராளியை அசைய முடியாம ஆக்கணும், இல்லேன்னா நடுவர்கள் தீர்ப்பு. ஒண்ணு வேகமாச் சுத்துற தகடு வெச்சிருக்கும், ஒண்ணு தூக்கிக் கவிழ்க்கும், ஒண்ணு சுத்தியலால் அடிக்கும். அமெரிக்காவில் மார்க் தார்ப் என்பவர் 1994-ல் சான் பிரான்சிஸ்கோவில் 'ரோபோ வார்ஸ்' என்று தொடங்கினார். 1998-ல் அதே பேரில் பிபிசியில் வந்தது. 2000-ல் அமெரிக்காவில் 'பேட்டில்பாட்ஸ்' டிவி நிகழ்ச்சி. நம்ம நாட்டில் ஐஐடி பம்பாயின் டெக்ஃபெஸ்ட் டிசம்பரிலும், ஐஐடி மெட்ராஸின் ஷாஸ்த்ரா ஜனவரி வாக்கிலும் நடக்கும். ரெண்டிலும் ரோபோவார்ஸ் உண்டு.

எடைப் பிரிவு முக்கியம். 8 கிலோ, 15 கிலோ, 60 கிலோ என்று தனித்தனியா மோதுவாங்க. நம்ம பக்கத்து மாட்டுவண்டிப் போட்டியில் பெரிய மாடு, சின்ன மாடு, பூஞ்சிட்டு என்று பிரிப்பாங்களே, அதே சங்கதிதான். அமெரிக்க டிவியில் வருவது 250 பவுண்டு, அதாவது சுமார் 113 கிலோ. நம்ம கதைக்கு அது பெரிய மாடு.

சாண்ட்பாக்ஸ் மூடியும் பத்து வயசுப் பிள்ளையும்

குடும்பமாச் சேர்ந்து ரோபோ செஞ்சவங்க கதைகளில் எனக்குப் பிடிச்சது லிசா வின்டர் கதை. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம். 1996-ல், 10 வயசில், அப்பா மைக் வின்டரோடு சேர்ந்து சான் பிரான்சிஸ்கோ போட்டிக்கு வந்த பிள்ளை. பிறகு பேட்டில்பாட்ஸில் அவங்க கொண்டு வந்த ரோபோவுக்குப் பேர் 'டென்டோமுஷி'. ஜப்பானிய மொழியில் பொறிவண்டு என்று அர்த்தம். ஆயுதம் என்ன தெரியுமா? குழந்தைகள் மணலில் விளையாட வெச்சிருக்கும் பிளாஸ்டிக் தொட்டியின் பொறிவண்டு மூடி. அந்த மூடி மேலே தூக்கி, எதிராளி மேல் கவிழ்ந்து, கோழியைக் கூடையில் அமுக்குற மாதிரி அமுக்கும். எதிரே நிக்கிறதெல்லாம் இரும்பும் டைட்டானியமும்!

அது சாம்பியன் பட்டம் வாங்கலை. ஆனா அந்த நிகழ்ச்சி பார்த்த ஒரு தலைமுறைக்கு மறக்காத ரோபோக்களில் அதுவும் ஒண்ணு.

இப்போ பணக் கண்ணோட்டத்தில் பாருங்க. அந்தக் குடும்பத்துக்கு இதில் என்ன திரும்பி வந்தது? பரிசுப் பணம் இல்லை. அப்பா மைக் வின்டர், 'சிம்சிட்டி' கேம் செஞ்ச வில் ரைட், போட்டியைத் தொடங்கின மார்க் தார்ப், மூணு பேரும் சேர்ந்து 2001-ல் 'ஸ்டுப்பிட் ஃபன் கிளப்' என்று ஒரு நிறுவனம் தொடங்கினாங்க. வில் ரைட்டும் தன் மகளோடு சேர்ந்து சண்டை ரோபோ செஞ்சவர்தான். மகள் லிசா 2015-லும் 2016-லும் சொந்த ரோபோக்களோடு திரும்ப வந்தார். பிறகு அதே நிகழ்ச்சியில் நடுவராவும் உட்கார்ந்தார். கூண்டுக்குப் பக்கத்தில் ஸ்பானர் கடன் கேட்டுப் பழகின ஆட்கள்தான் அந்த வீட்டுக்குக் கிடைச்ச லாபம். இதை எக்செல்லில் எந்தக் கட்டத்தில் போடுவீங்க?

இன்னொரு பக்கமும் இருக்கு. அமெரிக்க நிகழ்ச்சி 2002-ல் நின்னு போச்சு. திரும்ப வர 13 வருஷம் ஆச்சு, 2015. பிரிட்டனில் 2004-ல் நின்னது 2016-ல் வந்து, 2018-ல் மறுபடியும் நின்னுருச்சு. டிவி இருக்கும்போது பொம்மை விற்பனை, ஸ்பான்சர் எல்லாம் உண்டு. டிவி போயிட்டா ஷெட்டில் நூறு கிலோ இரும்புதான் மிச்சம். ஒரே கம்பெனியின் ஆர்டரை நம்பி வாழுற யூனிட் மாதிரி. ஆகவே "இதையே தொழிலாக்கிரலாம்" என்று தம்பி சொன்னா, அந்த வருஷக் கணக்கை மட்டும் காட்டுங்க.

குடும்ப அணி என்றால் 'விப்லாஷ்' பத்தியும் சொல்லணும். கலிபோர்னியாவின் வாஸ்கெஸ் குடும்பம். மகன் மேட் ஓட்டுவார். அப்பா, அம்மா, சகோதரன் எல்லாரும் அணியில். தூக்குற கை, அதன் நுனியில் சுத்துற தகடு என்று ரெண்டு ஆயுதமும் ஒண்ணா சேர்ந்த ரோபோ. 2018-ல் பேட்டில்பாட்ஸில் இறங்கி, 2020 சீசனில் இறுதிப் போட்டி வரை வந்தாங்க. அங்கே நியூசிலாந்து அணியின் 'எண்ட் கேம்' ஜெயிச்சது. எல்லாரும் பேசினது அவங்க இயந்திரத்தை விட மேட் அதை ஓட்டின விதத்தைத்தான். சின்ன எடை ரோபோக்களில் ஓட்டிப் பழகி மேலே வந்த கை அது. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, கீழே தேவைப்படும்.

"ஜெயிச்சா அடைச்சிரலாம்" கணக்கு

ஒரு பேச்சுக்கு, 32 அணி, தோத்தா வெளியே என்கிற முறை. முதல் சுற்று முடிஞ்சதும் 16 அணி பெட்டியைக் கட்டும். அதாவது வந்தவங்களில் சரிபாதி ஒரே ஒரு சண்டை, அதிகபட்சம் 3 நிமிஷம். (சில போட்டிகளில் தோத்தவங்களுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு. விதிமுறையைப் படிங்க.)

முதல் பரிசு 1 லட்சம் என்று வெச்சுக்குவோம். எல்லா அணியும் சமபலம் என்றால் உங்க தம்பிக்கு 32-ல் ஒரு வாய்ப்பு. எதிர்பார்க்கக்கூடிய தொகை 3,125 ரூபாய். 30 சதவீத வரியும் செஸ்ஸும் போனா 2,150. அதையும் அணியில் இருக்கும் நாலு பேர் பிரிக்கணும். சமபலம் என்று நான் போட்டதே தாராளம். நாலைந்து வருஷமா ஒரே ரோபோவை மாத்தி மாத்திச் செதுக்கின சீனியர் அணிகள் அங்கே நிக்கும்.

மாட்டுவண்டிப் போட்டிக்கு மாடு வளர்க்கிற அண்ணாச்சி யாரிடமாவது கேட்டுப் பாருங்க. பருத்திக்கொட்டை, பேரீச்சம்பழம், வண்டி வாடகை, சாரதி என்று வருஷத்துக்கு ஆகிற செலவு பரிசில் வராதுன்னு அவருக்கு நல்லாவே தெரியும். அவர் அதைக் கடன் வாங்கிச் செய்றாரா, கையில் இருக்கிறதில் செய்றாரா என்பதில்தான் வீடு நிக்கும்.

அடுத்தது அந்த 50,000. தம்பி சொன்னது ரோபோவை ஒரு தடவை செய்து முடிக்க ஆகிற விலை. சண்டை ரோபோ என்பது உடையறதுக்காகவே செய்யுற பொருள். பேட்டில்பாட்ஸில் 2016 சாம்பியன் 'டூம்ஸ்டோன்', ரே பில்லிங்ஸ் என்பவருடையது. கனமான இரும்புக் கம்பியைப் படுக்கைவாட்டில் சுத்தி அடிக்கும். ஒவ்வொரு அடியிலும் எதிராளி வாங்குற அதே அதிர்ச்சி இதுக்கும் வரும். ஜெயிச்சுட்டு வெளியே வரும் ரோபோவுக்கும் மோட்டார், செயின், சட்டம் ஏதாவது போயிருக்கும். அடுத்த சண்டைக்குள் மாத்தணும். அதனால் உதிரிப்பாகம் இல்லாத அணி முதல் வெற்றியோடு நின்னுரும்.

நான் வெச்சிருக்கும் தோராயக் கணக்கு இது: செய்ய 100 ரூபாய் ஆனா, உதிரிக்கு 50, போக்குவரத்து, தங்கல், பதிவுக் கட்டணத்துக்கு 30. அப்போ 50,000 என்பது 90,000. முதல் சுற்றில் தோத்தா 3 நிமிஷத்துக்கு 90,000, அதாவது நிமிஷத்துக்கு 30,000 ரூபாய். உங்க ஒரு மாசச் சம்பளம்.

இதில் அப்பாவின் லேத் வேலை சேரலை. பத்தமடைப் பாய் நெய்யுற வீடுகளில் பார்த்திருப்பீங்க. கோரைக்கும் சாயத்துக்கும் கணக்கு இருக்கும், வீட்டுப் பெண்கள் உட்கார்ந்த நாட்களுக்குக் கணக்கு இருக்காது. குடும்பம் சேர்ந்து செய்யும் எதிலும் இதுதான் நடக்கும். அப்பா நாலு நாள் லேத்தில் நின்னா அது நாலு நாள் கூலி. அதை அவரிடம் கேட்டு வாங்கச் சொல்லலை. நோட்டில் ஒரு வரியா எழுதி வைங்க. "மாமா பையன் வெல்டிங் சும்மா பண்ணித் தந்தான்" என்பதும் அப்படியே.

அப்போ என்னதான் செய்ய?

மேட் ஓட்டிப் பழகின கதைக்கு வாங்க. முதல் வருஷமே 15 கிலோவுக்குப் போக வேண்டாம். ஒன்றரைக் கிலோ அளவில் ஒரு ரோபோ செய்யச் சொல்லுங்க. உலகம் முழுக்க இந்த அளவில் ஒரு பிரிவு இருக்கு. நம்ம பக்கத்தில் போட்டி கிடைக்கலேன்னாலும் ஓட்டிப் பழகலாம், உடைஞ்சா தாங்கலாம்.

தோராய விலை, நீங்க கடையில் விசாரிச்சுத் திருத்திக்கோங்க: ரிமோட்டும் ரிசீவரும் 5,000. லித்தியம் பேட்டரி ரெண்டு 3,000. சார்ஜர் 2,000. மோட்டார்கள், அதை இயக்கும் இஎஸ்சி சேர்த்து 3,000. பாடிக்கு 2,000. ஆக 15,000. அம்மாவின் 10,000 இருக்கு, நீங்க 5,000 போடுறீங்க. இதில் ரிமோட்டும் சார்ஜரும் அடுத்த ரோபோவுக்கும் ஓடும். ஆக 7,000 பொருளா நிக்குது, மீதி 8,000 தான் கரையும். பழைய இரும்புக் கடை, மோட்டார் வைண்டிங் கடை எல்லாம் நம்ம ஊரில் தெருவுக்குத் தெரு உண்டு. அப்பாவுக்கு அங்கே முகப்பழக்கம் இருக்கும். உங்க தம்பிக்கு இருக்கிற பெரிய பலமே அதுதான். சென்னைப் பசங்க ஆன்லைனில் ஆர்டர் போட்டுக் காத்திருக்கும் துண்டை இவன் சாயங்காலம் சைக்கிளில் போய் வாங்கிட்டு வந்துருவான்.

படிக்கவும் காசு வேண்டாம். பிரேசிலின் ரியோபாட்ஸ் என்ற பல்கலைக்கழக அணி ('மினோடார்' ரோபோ செஞ்சவங்க) எந்த இரும்பு, எந்த மோட்டார், எந்தத் தடிமன் என்று எல்லாத்தையும் எழுதி ஒரு பெரிய புத்தகமாவே இலவசமா வெளியிட்டிருக்காங்க. 'ரியோபாட்ஸ் காம்பேட் டுடோரியல்' என்று தேடச் சொல்லுங்க.

வீட்டில் சுத்துற ஆயுதத்தை மட்டும் சோதிக்கக் கூடாது. இது பணத்தை விடப் பெரிய விஷயம், அதனால கொஞ்சம் நிக்கிறேன். 1 கிலோ எடை, 10 சென்டிமீட்டர் ஆரமுள்ள ஒரு தகடு நிமிஷத்துக்கு 6,000 சுத்து சுத்தினா, அதில் கிட்டத்தட்ட 1,000 ஜூல் சக்தி இருக்கும். 50 கிலோ சிமென்ட் மூட்டை ஆளுயரத்துக்கும் கொஞ்சம் மேலே, 2 மீட்டரில் இருந்து விழுற அடி அது. வேகம் ரெண்டு மடங்கானா சக்தி நாலு மடங்கு. ஒரு போல்ட் கழண்டா வீட்டுக் கதவு தாங்காது. முதல் ரோபோவுக்குச் சுத்துற ஆயுதமே வேண்டாம். தள்ளுறது, தூக்குறது போதும். பேட்டரியும் அப்படித்தான். தூங்கும்போது சார்ஜ் போடாதீங்க. பக்கத்தில் ஒரு வாளி மணல் வைங்க. ராத்திரி பேட்டரி தீப்பிடிச்சு வீட்டுச் சாமான் போனா அதுக்கு உங்ககிட்ட காப்பீடும் கிடையாது, சேமிப்பும் கிடையாது.

இப்போ அந்த 40,000. கார்டில் தேய்ச்சு மாசம் 2,000 கட்டுறீங்க, வட்டி மாசம் 3.5 சதவீதம் என்று வைங்க. முதல் மாசம் வட்டியே 1,400. அசலில் குறைவது வெறும் 600. முடிக்க 35 மாசம், மொத்தம் 70,000 ரூபாய், வட்டிக்கு ஜிஎஸ்டி தனி. தம்பி படிச்சு முடிச்சு வேலைக்கே போயிருப்பான், நீங்க இன்னும் அவனோட ரெண்டாம் வருஷ ரோபோவுக்குக் கட்டிக்கிட்டு இருப்பீங்க.

அதே பணத்தை மாசம் 4,000 ஆர்.டி. போட்டா 10 மாசத்தில் 40,000-மும் மேலே ஆயிரத்துச் சொச்சமும் கையில். இந்த வருஷப் போட்டிக்கு அது வராது. வர வேண்டியதும் இல்லை. இந்த வருஷம் சின்ன ரோபோ, ஓட்டுற பழக்கம், அப்புறம் நெல்லை எக்ஸ்பிரஸ் ஏறி ஷாஸ்த்ராவுக்குப் பார்வையாளரா ஒரு தடவை. அங்கே உடைஞ்ச ரோபோக்களை அணிகள் சரிபண்ணும் இடத்தில் ரெண்டு மணி நேரம் நின்னா எது முதலில் உடையுதுன்னு தெரிஞ்சுரும். அதுக்கு அப்புறம் போடுற 15 கிலோ டிசைன் வேற மாதிரி இருக்கும். ஆர்.டி. தொடங்கும் முன்னாடி உங்க மூணு மாசச் செலவுக்கான அவசர நிதி இருக்கான்னு பாருங்க. இல்லேன்னா 4,000-த்தில் பாதி அங்கே போகட்டும், ரோபோ இன்னும் ஒரு வருஷம் தள்ளிப் போகட்டும்.

90,000-க்கும் உங்க 40,000-க்கும் நடுவே இருக்கிற இடைவெளியை நீங்க மட்டும் அடைக்கணும்னு இல்லை. அணியில் நாலு பேர், நாலு வீடு. காலேஜ் துறைத் தலைவரிடம் எழுத்தில் கேக்கலாம். பேட்டை தொழிற்பேட்டையில் அப்பாவுக்குத் தெரிஞ்ச யூனிட்களில் காசாக் கேட்காம, ஒரு லேசர் கட்டிங், ஒரு ஹீட் ட்ரீட்மென்ட் என்று வேலையாக் கேளுங்க. காசு கொடுக்கத் தயங்குறவங்க மெஷின் நேரம் கொடுப்பாங்க. ரோபோ மேல் அவங்க பேர் ஒட்டினாப் போதும்.

கடைசியா வரி, ஏன்னா இதைப் பத்தி யாரும் பேசுறதில்லை. நீங்க தம்பிக்குக் கொடுக்கிற பணத்துக்கு ரெண்டு பேருக்கும் வரி கிடையாது, கூடப்பிறந்தவங்க உறவினர் கணக்கில் வருவாங்க. பரிசுப் பணம் வேற. டிவி கேம் ஷோ மாதிரியான போட்டிப் பரிசுகளுக்கு ஸ்லாப் எல்லாம் பார்க்காம நேரா 30 சதவீதம், செஸ் சேர்த்து 31.2. ரோபோ செய்ய ஆன செலவை அதில் கழிக்க முடியாது. 10,000-க்கு மேல் போனா டிடிஎஸ் பிடிச்சுக் கொடுப்பாங்க. காலேஜ் தொழில்நுட்ப விழாப் பரிசு எந்த வகையில் வரும்னு டிடிஎஸ் சான்றிதழைக் காட்டி ஒரு ஆடிட்டரிடம் கேட்டுக்கோங்க. பெரும்பாலும் கேப்டன் அக்கவுண்டுக்கே மொத்தப் பணமும் வரும், அவன் 26ஏஎஸ்ஸில் மொத்தத் தொகையும் நிக்கும். அதனால யாருக்கு எவ்வளவுன்னு பிரிச்சதை நாலு பேரும் கையெழுத்துப் போட்டு ஒரு தாளில் வெச்சிருக்கச் சொல்லுங்க.

விமானத்தில் மும்பை போறதா இருந்தா லித்தியம் பேட்டரியைச் செக்-இன் பெட்டியில் போடக் கூடாது, கையோடதான் கொண்டு போகணும், 100 வாட்-மணிக்கு மேல் என்றால் விமான நிறுவனத்திடம் அனுமதி வாங்கணும். டிக்கெட் போடும் முன்னாடியே பேட்டரி மேல் எழுதியிருக்கிறதைப் பாருங்க. தம்பி சின்ன ரோபோவை முடிச்சதும் ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க, சேனலில் போடலாம். செலவு நோட்டையும் ஒரு ஃபோட்டோ எடுத்து அனுப்புங்க.